புளோரன்ஸ் நைட்டிங்கேல்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் (மே 12, 1820 – ஆகஸ்ட் 13, 1910) இங்கிலாந்தைச் சேர்ந்த செவிலியரும் புள்ளியியலாளரும் ஆவார். தற்காலச் செவிலியர் கல்வியின் முன்னோடியாகக் கருதப்படும் இவர், நோயாளியைக் கூர்ந்து நோக்கி நிலைமையை அறியும் திறனைப் பயிற்சியின் முதன்மைப் பகுதியாக்கினார்.

இளமை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்த இவருக்கு அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. செவிலியர் பணி அக்காலத்தில் மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்டதால் குடும்பத்தினர் எதிர்த்தனர். எனினும் 1851 இல் ஜெர்மனியின் கைசர்சுவெர்த்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போர்

1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரியில் இருந்த பிரித்தானியப் படை மருத்துவமனையை அடைந்தார். அங்கு காயங்களை விட நோய்களாலேயே வீரர்கள் மிகுதியாக இறந்தனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர் வாய்க்கால்களையும் காற்றோட்டத்தையும் சீர்செய்த பின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. போருக்குப் பின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த நைட்டிங்கேல், தடுத்திருக்கக்கூடிய இறப்புகளை வரைபடங்களால் விளக்கினார்.

செவிலியர் பயிற்சி

பொதுமக்கள் நன்கொடையால் உருவான நிதியைக் கொண்டு 1860 இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அதனை இவர் நேரில் நடத்தவில்லை. தலைமைச் செவிலியர் சாரா வார்ட்ரோப்பர் பொறுப்பேற்றார். மாணவியர் ஓராண்டு நோயாளர் விடுதிகளிலேயே பணியாற்றிக் கற்றனர். நாடித்துடிப்பு, மூச்சு, தோல், பசி, உறக்கம், புண்ணின் நிலை, மருந்தின் விளைவு ஆகியவற்றைக் கவனித்தறிதல் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. ஒவ்வொருவரின் முன்னேற்றமும் பதிவு செய்யப்பட்டது.

1859 இல் வெளிவந்த தமது நூலில் நோயாளியைக் கவனித்தல் பற்றித் தனி அத்தியாயம் எழுதினார். நோயாளி நன்றாக உறங்கினாரா எனப் பொதுவாகக் கேட்பதால் பயனில்லை; எத்தனை மணி நேரம், எந்நேரத்தில் உறங்கினார் எனக் கேட்டறிய வேண்டும் என்பது இவர் கருத்து. சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவரே ஆயினும், அம்முடிவு செவிலியர் தரும் தகவலின் துல்லியத்தைச் சார்ந்திருந்தது.

பதிவு குறித்த எதிர்ப்பு

தேர்வு நடத்திச் செவிலியரைப் பதிவு செய்யும் முயற்சியை இவர் எதிர்த்தார். நற்பண்பையும் பகுத்தறியும் திறனையும் எழுத்துத் தேர்வால் அளக்க இயலாது எனக் கருதினார். எதெல் பெட்போர்ட் பென்விக் முதலானோர் இதனை ஏற்கவில்லை. தகுதியற்றோரிடமிருந்து நோயாளியரைக் காக்கப் பதிவு தேவை என்றனர். இவர் இறந்த பின், 1919 இல் பிரித்தானியாவில் பதிவுச் சட்டம் நிறைவேறியது.

நினைவு

1907 இல் பிரித்தானியாவின் ஆர்டர் ஆப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் இவரே. இவரது பிறந்த நாளான மே 12 உலக செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.