பெயர் மாற்றிய பெருமகன்: மார்செல் டசோ

பிரெஞ்சு விமானத் தொழிலின் முன்னோடியான மார்செல் டசோ, 1892 ஜனவரி 22 அன்று பாரிஸ் நகரின் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மார்செல் புளோக். முதலாம் உலகப் போரில் அவர் வடிவமைத்த சுழல்விசிறி பிரெஞ்சுப் போர் விமானங்களை இயக்கிற்று.

1940 இல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜேர்மனியருக்காக விமானம் அமைக்க அவர் மறுத்தார். சிறை வாழ்வு தொடர்ந்தது; 1944 ஓகஸ்ற்றில் புச்சென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 53, உடல் நலிந்திருந்தது. எதிர்ப்பியக்கத்தில் இருந்த தமையன் பூண்ட மறைபெயரைத் தழுவி, டசோ என்னும் புதுப்பெயரோடு தொழிலை மீண்டும் தொடங்கினார்.

1950களின் நடுப்பகுதியில் நேட்டோ அமைப்பு இலகுரகப் போர் விமானத்துக்குப் போட்டி வைத்தது. அது கோரிய சிறிய இயந்திரம் போதாதெனக் கருதிய டசோ, வலிமை மிக்க அற்றார் இயந்திரத்துடன் எற்றன்டார் 4 என்னும் ஜெற் விமானத்தைத் தம் நிறுவனச் செலவிலேயே அமைத்தார். அது 1956 யூலை 24 அன்று பறந்தது. நேட்டோ இத்தாலியின் பியற் விமானத்தையே தெரிந்தது. ஆயினும், கிளெமான்சோ, பொஷ் ஆகிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டிவந்த பிரெஞ்சுக் கடற்படை டசோவின் படைப்பை நாடிற்று.

கடலில் அசையும் குறுகிய தளத்தில் இறங்குதல் எளிதன்று. எனவே சில்லுத் தாங்கிகள் உறுதியாக்கப்பட்டன. தளத்தின் குறுக்கேயுள்ள கம்பியைப் பற்றி நிறுத்தும் கொக்கி வாலிற் பொருத்தப்பட்டது. இடஞ்சுருங்க இறக்கை நுனிகள் மடிக்கப்பட்டன. 1958 மே 21 அன்று பறந்த இக்கடற்படை வடிவம் 1962 இற் சேவையில் இணைந்தது. அதன் வழிவந்த சூப்பர் எற்றன்டார் 2016 வரை பிரெஞ்சுக் கப்பல்களிலிருந்து பறந்தது.

டசோ 1986 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். கப்பற்றளத்துக்கான ரஃபால் 1991 இற் பறந்ததை அவர் காணவில்லை.

நாம் இவ்வரலாற்றை வெறும் வியப்போடு படித்தல் இயலாது. 1996 முதல் எம் மண்ணிற் குண்டு பொழிந்த கிபிர், அவரது மிராஜ் 5 வடிவத்தைத் தழுவி இஸ்ரேல் அமைத்ததாகும். கொடியோருக்குப் பணிய மறுத்த அவரது நெஞ்சுரத்தை மதிக்கிறோம். ஆனால் ஆக்கியவனின் நெஞ்சுரம் ஆயுதத்தோடு பயணிப்பதில்லை. அது யார் கைக்குச் செல்கிறதோ அவர் மனத்தையே பின்பற்றுகிறது. பதுங்குகுழியில் இருந்தோர் இதனை நன்கறிவர்.