தோல்வியில் பிறந்த கருவி

ஒரு பரிசோதனை தோற்றுப் போனது. அந்தத் தோல்வியே உலகப் புகழ் பெற்றது. அதைச் செய்தவர் ஆல்பர்ட் மைக்கல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

மைக்கல்சன் 1852-ம் ஆண்டு ஸ்ட்ரெல்னோ என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் தந்தை கடை வைத்தார்.

ஜனாதிபதியிடம் முறையீடு

கப்பற்படைக் கல்லூரியில் படிக்க மைக்கல்சன் ஆசைப்பட்டார். இடம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 16. மனம் தளராமல் வாஷிங்டன் நகருக்குப் போனார். ஜனாதிபதி கிராண்டைக் கண்டு முறையிட்டார். ஜனாதிபதி கொடுக்கக்கூடிய இடங்கள் முன்பே நிரம்பிவிட்டன. ஆனாலும் முடிவில் மைக்கல்சனுக்கு இடம் கிடைத்தது.

படித்து முடித்தபின், அதே கல்லூரியில் ஆசிரியர் ஆனார். சுழலும் கண்ணாடியைக் கொண்டு ஒளியின் வேகத்தை அளந்தார். விநாடிக்கு 2,99,910 கிலோ மீட்டர் என்று 1879-ல் கணக்கிட்டார். சரியான வேகம் 2,99,792 கிலோ மீட்டர். அவ்வளவு நெருங்கிவிட்டார்!

வீசாத காற்று

ஒலி காற்றில் பரவுகிறது. அதுபோல ஒளி பரவுவதற்கும் ஈதர் என்ற ஒரு பொருள் வானவெளி எங்கும் இருப்பதாக அக்காலத்தில் நம்பினார்கள். ஓடும் வண்டியில் இருப்பவர் முகத்தில் காற்று அடிக்கும். பூமியும் ஓடுகிறது. ஆகவே, அதன்மேல் ஈதர் காற்று வீச வேண்டும் அல்லவா?

அதைக் கண்டுபிடிக்க மைக்கல்சன் ஒரு கருவி செய்தார். அது ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். ஒன்று நேராகப் போகும். மற்றது குறுக்கே போகும். இரண்டும் கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சேரும்போது கோடுகள் தெரியும். ஒரு கதிர் சிறிது தாமதித்தாலும் கோடுகள் நகரும்.

1881-ல் பெர்லின் நகரில் சோதித்தார். வண்டிகளின் அதிர்ச்சியால் கோடுகள் ஆடின. கருவியை அமைதியான போட்ஸ்டாமுக்குக் கொண்டு போனார். அங்கேயும் 100 மீட்டர் தள்ளி ஒருவர் தரையைக் காலால் மிதித்தாலே கோடுகள் மறைந்தன!

1887-ல் கிளீவ்லாந்து நகரில், மார்லி என்ற பேராசிரியருடன் சேர்ந்து மீண்டும் முயன்றார். கல் பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, அதன்மேல் கருவியை வைத்தார்கள். எந்தப் பக்கம் திருப்பியும், எதிர்பார்த்தபடி கோடுகள் நகரவில்லை.

மைக்கல்சன் ஏமாற்றம் அடைந்தார். ஆனாலும் கண்டதைக் கண்டபடி வெளியிட்டார். ஈதரே தேவை இல்லை என்று 1905-ல் ஐன்ஸ்டீன் கூறினார். 1907-ல் மைக்கல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. ஒளியின் வேகத்தை இன்னும் துல்லியமாக அளக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1931-ல் காலமானார்.

84 ஆண்டுக்குப் பின்

அவருடைய கருவி சாகவில்லை. 4 கிலோ மீட்டர் நீளக் கைகளுடன் அதே கருவி அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அமைக்கப்பட்டது. அதன் பெயர் லைகோ. வானில் வெகு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதின. அந்த மோதலில் எழுந்த ஈர்ப்பு அலை, 2015 செப்டம்பர் 14-ந் தேதி இந்தக் கருவியில் பதிவாயிற்று!

ஈதரைத் தேடி மைக்கல்சன் தோற்றார். ஆனால், உள்ளதை உள்ளபடி அளந்தார். அந்த உழைப்பு வீண் போகவில்லை.