பாதியில் நின்ற கதையும் அ. மாதவையாவும்



நம்ம ஊரில் பிறந்த பெரியவர் யாருன்னு கேட்டா, டாக்டர் ராதாகிருஷ்ணன்னு எல்லாரும் ஒரே குரலில் சொல்லுவோம். அவர் படித்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே படித்த ஒருவரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் அ. மாதவையா. தமிழில் முதன்முதலில் நாவல் எழுதியவர்களில் ஒருவர்.

மாதவையா 1872-ல் திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளம் என்ற கிராமத்தில் பிறந்தார். பி.ஏ. படிக்கச் சென்னைக்கு வந்தார். இப்போ தாம்பரத்தில் இருக்கிற அந்தக் கல்லூரி, அப்போ பாரிமுனைப் பக்கம் இருந்தது.

1892-ல் அவருக்கு வயது இருபது. ‘விவேக சிந்தாமணி’ என்ற பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, விதவையாகிற ஒரு பெண்ணின் கதை. அந்தக் காலத்தில் இதை எழுத எவ்வளவு தைரியம் வேணும், யோசிச்சுப் பாருங்க! ஆனால் தொடர் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்து உத்தியோகமும் வந்தது. அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் வேலை. ஊர் ஊராக மாற்றல் ஆகிற வேலை.

இதோடு கதை முடிஞ்சுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அவர் விடவில்லை. பதினோரு வருஷம் கழித்து, 1903-ல், அதே கதை ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் முழுப் புத்தகமாக வந்தது. அந்தப் பெண்ணே தன் கதையைச் சொல்வது போல எழுதியிருக்கிறார். கடைசியில் அவளுக்கு மறுமணமும் நடக்கிறது. இருபது வயதில் சொல்ல நினைத்ததை முப்பது வயதுக்கு மேல் சொல்லி முடித்தார்.

இதுக்கு நடுவில் இன்னொரு பெரிய நாவலையும் ஆரம்பித்திருந்தார். அதுதான் ‘பத்மாவதி சரித்திரம்’. முதல் பாகம் 1898-ல் வந்தது, இரண்டாம் பாகம் 1899-ல் வந்தது. பெண்கள் படிக்கணும் என்பதை அந்தக் கதையில் அழுத்தமாகச் சொல்கிறார். அதுக்கப்புறம் மூன்றாம் பாகம் வரவே இல்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லைங்க, சுமார் இருபத்தைந்து வருஷம்! அந்த வருஷங்களில் அவர் பேனா சும்மா இருக்கவில்லை. ‘தில்லை கோவிந்தன்’, ‘கிளாரிந்தா’ என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். ஆனால் பத்மாவதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எட்டாம் வகுப்பில் நானும் ஒரு கதை எழுத ஆரம்பிச்சேன். நாற்பது பக்க நோட்டில் பதினேழு பக்கம் வந்தது. பத்தாம் வகுப்பு வந்ததும் எங்க அம்மா, “பரீட்சை முடியட்டும்டா, அப்புறம் எழுதிக்கலாம்”னு நோட்டை எடுத்துப் பரண்மேல வச்சுட்டாங்க. அம்மா சொன்னது நியாயம்தான். ஆனாலும் ராத்திரி படுத்தா, அந்தக் கதையில் வர்ற பையன் நம்ம ரயில்வே ஸ்டேஷனிலேயே இன்னும் வண்டிக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். இனிமே எனக்கு எழுத வருமான்னு பயமாகவும் இருக்கும். அப்பதான் தமிழ் ஐயா மாதவையாவைப் பற்றி வகுப்பில் சொன்னார்.

நம்ம மலைக்கு 365 படி. எல்லாருமா ஒரே மூச்சில் ஏறுகிறோம்? நடுவில் உட்காருவோம், தண்ணி குடிப்போம், மறுபடி ஏறுவோம். உட்கார்ந்தவரை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை.

மாதவையாவும் எழுந்தார். உத்தியோகத்திலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னை மயிலாப்பூரில் குடியிருந்தார். சொந்தமாக அச்சகம் வைத்தார். 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார். முருகன் கோயில் ஊர்க்காரர்களான நமக்கு இந்தப் பெயர் மறக்குமா? அதில்தான் ‘பத்மாவதி சரித்திரம்’ மூன்றாம் பாகத்தை எழுத ஆரம்பித்தார். இருபத்தாறு வயதில் தொடங்கிய கதையை ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கையில் எடுத்தார்.

ஆனால் இந்த முறை காலம் விடவில்லை. 1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டம். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். உயிர் பிரிந்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்றுதான். தமிழ் வேண்டும் என்று போராடி, 1960-ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் நம்ம ஊர். அந்தக் கடைசிப் பேச்சின் அருமை நமக்கு நல்லாவே புரியும்.

மூன்றாம் பாகம் முடியாமலேயே நின்றது.

நண்பர்களே, மாதவையா விட்டுவிட்டுத் திரும்பி வந்தது இரண்டு கதைகளுக்கு. ஒன்று பதினோரு வருஷம் கழித்தும் முழுசாக முடிந்தது. இன்னொன்று முடியவில்லை. கதை நமக்காகக் காத்திருக்கும் என்று முதல் கதை சொல்கிறது. நாள் காத்திருக்காது என்று இரண்டாவது சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால அம்மாகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் நோட்டு கீழே இறங்கும். மத்த நேரமெல்லாம் கணக்கும் அறிவியலும். போன வாரம் பதினெட்டாம் பக்கம் எழுதியாச்சு!

உங்க வீட்டுப் பரணிலும் ஒரு நோட்டு இருக்குமே? தேடி எடுங்க. அடுத்த மாதத் தாளில் இடம் காலியாக இருக்கிறது.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்