ஆட்சிகள் கவிழ்ந்தன... ரோஜா வாடல!

பேராவூரணிப் பக்கமா நீங்க? மல்லிப்பட்டினம் அருகே மனோரா முன்னாடி செல்ஃபி எடுத்திருப்பீங்க. நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-ல் எழுப்பிய கோபுரம் அது. அதே நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் வளர்த்த தோட்டத்துப் பூக்களை வரைந்தவர் ரெடூட்டே.

1759-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர், 13 வயசுலயே தூரிகையோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார். ராணி மேரி அன்டோனெட், பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன்னு ஆட்சிகள் மாறின. அவர் கை நிற்கல. 1817 முதல் 1824 வரை வெளியான அவரது ரோஜாக்களைத்தான் இன்னிக்கு 'விண்டேஜ்'னு வால்பேப்பர்ல வைக்கிறோம். கடைசிக் காலத்தில் கடன் நெருக்கியது. ஆனாலும் 1840-ல், 80 வயதில், மாணவர் கொண்டுவந்த வெள்ளை லில்லியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சரிந்தார்.

மனசு படபடங்குதா? தண்ணி தூக்கலா ஒரு இதழ் தீட்டுங்க. காயவிட்டு அடுத்த பூச்சு. அவசரப்பட்டா வண்ணம் கலங்கிடும். அந்தக் காத்திருப்புதான் நிம்மதி!