ஐடா ஸ்கடர் அம்மையார்

மருத்துவர் ஊரில் இருந்தும், மருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும், பெண்டிர் மருத்துவமின்றி மாண்ட காலம் ஒன்று இருந்தது. பிற ஆடவர் கண்ணிற்படுதலே இழுக்கெனக் கருதிய இல்லங்களில், பேறுகாலத்தில் ஆண் மருத்துவர் அருகே வர ஒப்பமாட்டார்கள். மருத்துவமனையின் வாயில் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. ஆயினும், இவ்வில்லத்துப் பெண்களுக்கு அஃது அடைத்த கதவே ஆகும்.

இக்கதவைத் திறந்தவருள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவக் குடும்பமொன்றில் பிறந்தார். பஞ்சமும் பிணியும் கண்டு வளர்ந்த அவருக்கு இந்நாட்டில் வாழும் விருப்பம் சிறிதும் இல்லை. தாயார் நோயுற்றமையால், 1890ஆம் ஆண்டு திண்டிவனத்திற்கு வந்தவர், விரைவில் அமெரிக்கா திரும்பவே எண்ணியிருந்தார்.

அந்நாளில் ஓர் இரவு, அந்தணர் ஒருவர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி மகப்பேற்றுத் துன்பத்தில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தாள். ஐடா தமக்கு மருத்துவம் தெரியாதென்று கூறித் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். வந்தவர் அதற்கு இசையாமல் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவரும், அவருக்குப் பின் மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்தனர். அவர்களும் அவ்வாறே சென்றனர். தந்தையோ கைதேர்ந்த மருத்துவர். அவ்வீட்டிலேயே இருந்தார். ஐடா அன்றிரவு உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் பறையொலி கேட்டது. பணியாளை அனுப்பி வினவியபோது, அப்பெண்கள் மூவரும் இறந்தமை தெரிந்தது.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற ஐடா, 1899ஆம் ஆண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே திரும்பினார். செல்வர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த பதினாயிரம் டாலரைக் கொண்டு, 1902ஆம் ஆண்டு வேலூரில் நாற்பது படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையில் அவர் செல்லும் நாளில், மரநிழல்தோறும் நோயாளிகள் காத்திருப்பர். ஆனால், ஒருவர் கை எத்தனை வீடுகளுக்கு எட்டும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளியும், 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. பெண்கள் இக்கல்வியில் தேறுவரோ என்று ஐயுற்றவர் பலர். மாகாணத்து ஆடவர் பலர் தவறிய முதலாண்டுத் தேர்வில் ஐடாவின் மாணவியர் பதினால்வரும் தேறினர். அவ்வையத்திற்கு வேறு விடை வேண்டியதில்லை. 1922ஆம் ஆண்டு அவர்கள் மருத்துவராக வெளிவந்தனர்.

பிற்காலத்தில் மருத்துவக் கல்வி முழுவதும் பட்டப்படிப்பாக உயர்த்தப்பெறவே, அதற்குரிய செலவைப் பெண்கள் கல்லூரி தனியே தாங்குதல் அரிதாயிற்று. ஆடவரையும் சேர்ப்பதா என்னும் வினா எழுந்தது. பெண்களுக்கென்றே பொருள் ஈந்த அமெரிக்க மாதர் சிலர் மனம் வருந்தினர். ஐடாவோ நெடிது சிந்தித்து இசைந்தார். 1947ஆம் ஆண்டு ஆண் மாணவர் முதன்முதலாக அங்கே சேர்ந்தனர். கோடைக்கானலில் ஓய்வுற்றிருந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.