பொம்மைப் போர் நடத்திய வெல்ஸ்

நவராத்திரி வந்தால் புதுக்கோட்டை வீடுகளில் கொலு வைப்பார்கள். மன்னர்கள் இருந்த காலத்தில் அங்கே தசரா பெரிய திருவிழா. அரிசியோடு சின்னஞ்சிறு அம்மன் காசும் மக்களுக்குக் கிடைக்கும்.

படியில் பொம்மை அடுக்குவது அம்மாவின் வேலை. படிக்குக் கீழே தரையில் பார்க்கு கட்டுவது பையன்களின் வேலை. மண்ணைக் குவித்தால் மலை. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தால் குளம். கேழ்வரகு முளைத்தால் பச்சை வயல். பக்கத்திலே ஒரு கோயில், ஒரு பாலம், நாலு சிப்பாய்கள். பையனுக்குச் சோறு தண்ணீர் நினைவே இருக்காது.

இதே வேலையை இங்கிலாந்தில் ஒரு பெரிய மனிதர் செய்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. உலகம் எங்கும் புகழ் பெற்ற எழுத்தாளர் அவர். வீட்டுத் தரையில் மண்டி போட்டு, ஈயச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி, பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடினார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அவர்தான் எச்.ஜி. வெல்ஸ்.

கால் முறிந்தது, கல்வி வந்தது

1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, லண்டனை அடுத்த பிராம்லி என்ற ஊரில் வெல்ஸ் பிறந்தார். முழுப்பெயர் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். வீட்டில் வறுமை.

தந்தை ஜோசப் ஒரு சிறு கடை வைத்திருந்தார். பீங்கான் சாமானும் கிரிக்கெட் மட்டையும் விற்கும் கடை. விற்பனை மந்தம். ஆனால் ஜோசப் பந்து வீசுவதில் கெட்டிக்காரர். 1862-ல் கெண்ட் அணிக்காக ஆடியபோது, அடுத்தடுத்து 4 பந்துகளில் 4 பேரை ஆட்டம் இழக்கச் செய்தார். கடையை விடக் கிரிக்கெட்டில்தான் நாலு காசு வந்தது.

வெல்சுக்கு 7 வயது இருக்கும்போது கால் முறிந்தது. படுத்த படுக்கை. பொழுது போகத் தந்தை புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பையன் படித்தான்; படித்தான்; படித்துக்கொண்டே இருந்தான். கால் முறிந்ததுதான் தன் வாழ்வில் வந்த பெரிய அதிர்ஷ்டம் என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

1877-ல் தந்தைக்கே தொடை எலும்பு முறிந்தது. அதோடு கிரிக்கெட் போயிற்று; வருமானமும் போயிற்று. தாய் சாரா, அப்பார்க் என்ற பிரபு வீட்டு மாளிகைக்கு வேலைக்குப் போனார். அந்த மாளிகையில் பழைய காலத்துப் பொம்மை வீடு ஒன்று உண்டு. அறைகள், நாற்காலிகள், தட்டு முட்டுச் சாமான்கள் எல்லாம் விரல் நீளத்தில் இருக்கும். பின்னாளில் ஒரு நாவலில் அந்தப் பொம்மை வீட்டை வெல்ஸ் நினைவோடு சேர்த்தார்.

அவருக்கு 13 வயதில் ஒரு பழக்கம் இருந்தது. ஊர்ப்புறத்தில் தனியாக நடப்பார். நடக்கும்போது மனசுக்குள்ளே போர் நடக்கும். அவர்தான் தளபதி. மேட்டைப் பார்த்தால் அங்கே பீரங்கி. வேலியைப் பார்த்தால் அங்கே எதிரி. எதிரே வருகிறவர்களுக்கு இது தெரியாது. சவலைப் பிள்ளை ஒன்று ஏதோ யோசித்துக்கொண்டு போகிறது என்று நினைப்பார்கள்.

பதினேழு மைல் நடை

பையனை ஒரு ஜவுளிக் கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சவுத்சீ என்ற ஊரில் கடை. ஒரு நாளைக்கு 13 மணி நேர வேலை. துணியை மடி, அடுக்கு, மறுபடி மடி. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை.

இரண்டு ஆண்டு பொறுத்தார். 1883-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பிடாமலே கிளம்பி, தாய் வேலை பார்த்த மாளிகைக்கு நடந்தார். 17 மைல் தூரம். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போய், அதையும் தாண்டி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் எவ்வளவோ அவ்வளவு. இனிமேல் அந்தக் கடைக்குப் போகச் சொன்னால் உயிரையே விட்டுவிடுவதாகத் தாயிடம் சொன்னார்.

தாய் மனம் இளகியது. ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவ ஆசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே உதவிச் சம்பளம் பெற்று லண்டனில் விஞ்ஞானம் படிக்கப் போனார். உயிரியல் கற்றுக் கொடுத்தவர், அந்நாளில் பெயர் பெற்ற அறிஞர் ஹக்ஸ்லி.

பிறகு வந்த புகழ் மளமளவென்று வந்தது. 1895-ல் காலயந்திரத்தைப் பற்றிய கதை. 1897-ல் கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதை. 1898-ல் செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் மேல் படையெடுக்கும் கதை. துணிக்கடைப் பையன் கடலோரத்தில் சொந்த வீடு கட்டினார். சாண்ட்கேட் என்ற ஊரில் அந்த வீடு. மனைவி ஜேன். மகன்கள் இருவர். மூத்தவன் 1901-ல் பிறந்த ஜிப். இளையவன் 1903-ல் பிறந்த பிராங்க்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு சண்டை

அந்த வீட்டுக்கு ஒரு நாள் விருந்தாளி வந்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம். சாப்பாடு முடிந்தது. பிள்ளைகளின் பொம்மைப் பீரங்கி ஒன்று கிடந்தது. வில்லு வைத்த பீரங்கி. ஓர் அங்குல நீள மரக்குச்சியைச் சுடும். ஜெரோம் அதை எடுத்தார். ஈயச் சிப்பாய்களைக் குறி பார்த்துச் சுட ஆரம்பித்தார். எத்தனை விழுகிறது என்று பந்தயமும் கட்டினார்.

திருமயம் கோட்டையைப் பார்த்தவர்கள், 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய அந்தக் கோட்டை உச்சியில் நிற்கும் பீரங்கியையும் பார்த்திருப்பார்கள். அதற்கு முன் இது எறும்பு. ஆனால் குறி தப்பாது. 27 அடி தூரத்தில் உள்ள சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது தடவை வீழ்த்திவிடும்.

வெல்சுக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா சுடுவதில் என்ன இருக்கிறது? படைகள் நகர வேண்டும், மறைய வேண்டும், வளைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாடு வேண்டும். ஊர் வேண்டும்.

கலைக்களஞ்சியத்தின் தடித்த தொகுதிகளை எடுத்து அடுக்கினார்கள். மலை ஆயிற்று. தரை விரிப்பின் மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டார்கள். ஆறு ஆயிற்று. தோட்டத்துச் செடியின் கிளையை ஒடித்து நட்டார்கள். காடு ஆயிற்று. மரத்துண்டும் அட்டையும் வீடுகள் ஆயின. படித்துப் படித்து அறிவு வளர்த்த மனிதர், புத்தகத்தையே மலையாக்கிவிட்டார்!

நாளாக நாளாகச் சட்டங்கள் உண்டாயின. ஆட்டம் தொடங்கு முன் நடுவிலே ஒரு திரை கட்டப்படும். யார் படை எங்கே நிற்கிறது என்று மற்றவருக்குத் தெரியக் கூடாது. திரை விலகும். காலாள் ஒரு தடவைக்கு ஓர் அடி நகரலாம். குதிரை வீரன் இரண்டு அடி. பீரங்கிக்கு அருகில் 4 பேர் உயிரோடு இருந்தால்தான் அது சுடும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்; யோசித்துக்கொண்டே இருக்க முடியாது. தாயக்கட்டை கிடையாது. சரியாகக் குறி பார்த்தவனுக்கு வெற்றி.

1911-ல் தரை விளையாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1913-ல் வந்தது சின்னஞ்சிறு போர்களைப் பற்றிய புத்தகம். 12 வயதுப் பையன் முதல் 150 வயதுக் கிழவர் வரை ஆடலாம், புத்திசாலிப் பெண் பிள்ளைகளும் ஆடலாம் என்று தலைப்பிலேயே அறிவித்தார். பெண் பிள்ளைகளில் மட்டும் புத்திசாலிகளைத் தேடியது ஏனோ! அதே ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்று, வெல்ஸ் தரையில் தவழ்ந்து கயிற்றால் தூரம் அளப்பதைப் படம் வரைந்து வெளியிட்டது.

தூரிகை பிடித்த கைகள்

அந்த ஈயச் சிப்பாய்கள் எப்படி வந்தார்கள்? லண்டனில் பிரிட்டன் என்ற குடும்பத்தார் பொம்மைத் தொழில் செய்தனர். 1893-ல் அவர்கள் ஒரு புது வழி கண்டார்கள். அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஓரத்தில் இறுகியவுடன், நடுவில் இறுகாமல் இருப்பதைக் கவிழ்த்து வெளியே கொட்டிவிடுவார்கள். உள்ளே பொள்ளலாக ஒரு சிப்பாய் கிடைப்பான். உலோகம் குறைவு, விலையும் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரு படை வைத்துக்கொள்ள முடிந்தது.

அச்சிலிருந்து வந்தவனுக்கு உடுப்பு கொடுத்தது வர்ணம். பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வர்ணம் தீட்டினார்கள். சிவப்புச் சட்டை, கறுப்பு பூட்சு, முகத்துக்கு ஒரு நிறம், மீசைக்கு ஒரு இழுப்பு. இரண்டரை அங்குலம்கூட இல்லாத உருவத்தில் இத்தனையும். தலைப்பாகை கட்டிய இந்தியச் சிப்பாய்களும் அவர்கள் கையில் உருவானார்கள். மதராஸ் காலாட்படையும் அதில் உண்டு.

வெல்ஸ் மூட்டிய பொறி அணையவில்லை. 1971-ல் அமெரிக்கர் கேரி கைகாக்ஸ் தம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பொம்மைப் போர் விதிநூல் வெளியிட்டார். அதில் மந்திரவாதியும் பறக்கும் நாகமும் பூதமும் போருக்கு வந்தன. 1983-ல் இங்கிலாந்திலிருந்து வார்ஹாமர் வந்தது. வெல்சின் பழைய புத்தகத்தை 2004-ல் மறுபடி பதித்தபோது, முன்னுரை எழுதியவர் அதே கைகாக்ஸ்தான்.

இன்று பல நாடுகளில் பெரியவர்கள் இரவெல்லாம் விழித்து இந்தப் பூதங்களுக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். கட்டை விரல் உயரம் கூட இல்லாத உருவங்கள். முதலில் உடம்பு முழுவதும் ஒரே நிறத்தில் அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகு சட்டைக்கு, தோலுக்கு, கத்திக்குத் தனித்தனி வர்ணம். பிறகு தண்ணீராகக் கரைத்த கறுப்பு வர்ணத்தை மேலே ஓட விடுவார்கள். அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒட்டியும் ஒட்டாமலும் மேடுகளில் தடவினால் வெளிச்சம் விழுந்தது போல் ஆகும். அவ்வளவுதான், ஈயம் உயிர் பெற்றுவிடும். ஈயம் என்பது வாய்ப்பேச்சுக்குத்தான். ஈயம் நஞ்சு என்பதால் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக், அல்லது ஈயம் கலவாத உலோகம்.

நாட்டையும் அவர்களே செய்கிறார்கள். நுரைப்பலகையைக் கத்தியால் சீவினால் மலை. பசை தடவி மணலைத் தூவினால் பாதை. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றித் தூவினால் புல். கொலுப் பார்க்கு கட்டிய எந்தப் புதுக்கோட்டைப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நிஜப் போர் வந்தது

வெல்ஸ் வெறும் பொழுதுபோக்குக்காக அந்தப் புத்தகத்தை எழுதவில்லை. கடைசிப் பக்கங்களில் மனசைத் திறந்து காட்டினார். நாலு தடவை பொம்மைப் போர் ஆடிப் பார்த்தால் போதும், உண்மைப் போர் எவ்வளவு பெரிய குளறுபடி என்று விளங்கிவிடும் என்றார். போர் வெறி பிடித்த மன்னர்களையும் தளபதிகளையும் ஒரு பெரிய கூடத்தில் அடைத்துவிட வேண்டும். வேண்டிய மட்டும் சிப்பாய் பொம்மைகளையும் வீடுகளையும் மரங்களையும் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அங்கேயே சுட்டுக்கொண்டு கிடக்கட்டும், மற்றவர்கள் நிம்மதியாகப் பிழைக்கட்டும் என்பது அவர் யோசனை.

யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் மூண்டது.

ஏறத்தாழ 90 லட்சம் படைவீரர்கள் மாண்டார்கள். அதில் 74,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர். வெல்ஸ் 1903-ல் ஒரு கதையில் இரும்புக் கவசம் பூண்ட போர் வண்டிகளைக் கற்பனை செய்திருந்தார். 1916 செப்டம்பரில் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் அவை நிஜமாகவே ஊர்ந்து வந்தன. அவைதாம் டாங்கிகள்.

இங்கே வெல்ஸ் ஒரு தவறும் செய்தார். போர் தொடங்கியவுடன், இதுதான் உலகின் கடைசிப் போர், போரையே ஒழிக்கப் போகும் போர் என்று எழுதினார். அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. பிறகு அதுவே கேலிச் சொல் ஆயிற்று. சொந்த வாழ்விலும் அவர் குற்றமற்றவர் அல்ல. அன்பு காட்டிய ஜேனுக்கு அவர் உண்மையாக நடந்துகொள்ளவில்லை. அந்த அம்மாள் 1927-ல் புற்றுநோயால் காலமானார்.

1934-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அப்போது ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. பிராம்லியில் மனசுக்குள் போர் நடத்திய 13 வயதுப் பையனை வெல்ஸ் நினைத்துப் பார்த்தார். அந்தப் பையனின் கனவுதான் இப்போது உடல் எடுத்து ஹிட்லராக வந்திருக்கிறது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். அந்தப் பையன் வளர்ந்து பொம்மையோடு நிறுத்திக்கொண்டான். ஹிட்லர் நிறுத்திக்கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. லண்டன் மீது குண்டு மாரி. கிழவர் வெல்ஸ் ஊரை விட்டு ஓடவில்லை. தம் வீட்டிலேயே இருந்தார். பிரிட்டன் குடும்பத்துத் தொழிற்சாலை, பொம்மைச் சிப்பாய் வார்ப்பதை நிறுத்திவிட்டுப் போர்ப் பொருள் செய்யப் போயிற்று.

1914-ல் வெளியான ஒரு நாவலில், நகரங்களை அழிக்கும் அணுகுண்டைப் பற்றி வெல்ஸ் எழுதியிருந்தார். சிலார்டு என்ற விஞ்ஞானி 1932-ல் அதைப் படித்தார். அடுத்த ஆண்டே அணுவிலிருந்து தொடர்ந்து சக்தி பெறும் வழியைச் சிந்தித்தார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அந்தச் செய்தியைக் கேட்க வெல்ஸ் உயிரோடு இருந்தார்.

1946 ஆகஸ்டு 13-ந் தேதி, லண்டனில் அவர் காலமானார். வயது 79. உடலை எரியூட்டினார்கள். மூத்த மகன் ஜிப் அப்போது உயிரியல் அறிஞர். புத்தக மலைக்குப் பின்னால் சிப்பாய்களை ஒளித்து வைத்துத் தந்தையோடு சண்டை போட்ட அதே ஜிப். அவரும் வெல்சின் இன்னொரு மகனும் ஒரு படகில் ஏறிச் சென்று, தந்தையின் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.