தச்சுக்கலைக்கு நூல் செய்த மாக்ஸன்

மரத்தை அறுத்து, இழைத்து, பொருத்தி, பெட்டியாகவும் நாற்காலியாகவும் உருவாக்கும் தச்சர்தம் திறமை நெடுங்காலம் பட்டறைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தச்சுத்தொழில் கற்க விரும்பிய சிறுவன், ஆசான் ஒருவரிடம் ஏழாண்டுகள் தங்கிப் பணிபுரிதல் வேண்டும். தொழிலின் நுட்பங்களைத் தொழிற்சங்கத்தார் பிறர்க்கு எளிதில் வெளியிடார். கற்றோருள் பலரோ, கையால் உழைப்பதைத் தம் தகுதிக்குக் குறைவென்று எண்ணினர். பட்டறைக்கும் ஏட்டிற்கும் இடையே நின்ற இச்சுவரில் வாயில் திறந்த பெருமகனார் ஜோசப் மாக்ஸன் ஆவார்.

மாக்ஸன் 1627-ஆம் ஆண்டு, யார்க்ஷயரிலுள்ள வேக்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் அச்சுத்தொழில் செய்தவர். இளமையிலேயே அத்தொழிலைக் கற்ற மாக்ஸன், பின்னர் இலண்டனில் கடை வைத்து நிலவுருண்டைகளும் படங்களும் கணிதக் கருவிகளும் செய்து விற்றார். அவர்தம் திறமையை அறிந்த மன்னர் இரண்டாம் சார்லஸ், 1662-இல் அவரைத் தமது கடற்பட வல்லுநராக அமர்த்தினார். அரச மதிப்புப் பெற்ற பின்னும் மாக்ஸன் கைத்தொழிலை மறந்தாரல்லர்.

1678-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கைத்தொழிற் பயிற்சிகள் என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு நூலைப் பகுதி பகுதியாக அவர் வெளியிடலானார். கொல்வேலை, மரவேலை, வீட்டுத் தச்சு, கடைசல் என அது வளர்ந்தது. பலகையின் முரட்டுப் பரப்பை முதலில் எந்த இழைப்புளியால் தள்ளுவது, இறுதியில் எதனால் மெருகிடுவது, எந்த உளியைக் கொட்டாப்புளியால் அடிப்பது, எதனைக் கையாலேயே அழுத்திச் செதுக்குவது என்பவற்றையெல்லாம் படங்களுடன் விளக்கினார். இரு பலகைகளின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, இடையே ஒளி கசிகிறதா என்று பார்த்தால் அவை நேராக இழைக்கப்பட்டனவா என்பது விளங்கும். இத்தகைய எளிய சோதனைகளும் அந்நூலில் இடம்பெற்றன.

சில தொழிலாளர் இழிந்த நடையினராக இருப்பதால் தொழிலையே இழிவாகக் கருதுதல் அறியாமை என்று முன்னுரையில் அவர் வாதிட்டார். தொழில்களின் மறைபொருள்கள் வெளிப்பட்டால் அறிவியல் வளரும் என்னும் பேக்கன் பெருமகனார் கருத்தையும் துணைக்கொண்டார். ஆயினும் கையின் லாவகத்தைச் சொற்களால் கற்பிக்க இயலாது, அது பழக்கத்தாலேயே வரும் என்றும் அவர் ஒளியாது உரைத்தார். தம் நூலின் எல்லையைத் தாமே காட்டிய இந்நேர்மை போற்றத்தக்கது அன்றோ? நூல் வழிகாட்டும், நடக்க வேண்டியது கற்பவன் கை.

1678-ஆம் ஆண்டு நவம்பரில் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அறிஞர் நிறைந்த அவ்வவையில் இடம்பெற்ற முதல் தொழில்வினைஞர் அவரே. பின்னர் நாட்டில் அரசியல் கலக்கம் மிகுந்து மக்கள் கருத்துச் சிதறியதால், 1680-இல் வெளியீடு தடைப்பட்டது. மாக்ஸன் மனந்தளராது 1683-இல் அதனை மீண்டும் தொடங்கி, அச்சுக்கலை பற்றி விரிவாக எழுதி, மறு ஆண்டில் நிறைவு செய்தார்.

1691-இல் மாக்ஸன் மறைந்தார். அவருக்குப் பின்னும், 1703-இல் அவருடைய கைத்தொழில் நூல் மீண்டும் அச்சேறியது. இன்றும் தம் இல்லங்களில் மரவேலை பயில்வோர், பலகையை இறுகப் பற்றும் இரு திருகுகள் கொண்ட கருவியொன்றை மாக்ஸன் பெயராலேயே வழங்குகின்றனர். ஒருவர் மட்டும் அறிந்த தொழில் அவரோடு மறையக்கூடும்; பலர்க்கும் ஈந்த தொழில் தலைமுறைகளைக் கடந்து வாழும். கையையும் ஏட்டையும் ஒருங்கே போற்றிய மாக்ஸன் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.